இல்லாதவரை வெட்கப்படுத்தாத ஒரு சாப்பாட்டுக் கடை

திருகோணமலை நகரில் வைத்தியசாலைக்குப் போகும் வழிகளில் ஒன்றில், மருந்துக்கடைக்கும் போட்டோப்பிரதி எடுக்கும் கடைக்கும் நடுவே, ஆறு மேசைகள் மட்டுமே போடக்கூடிய சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த கணவனும் மனைவியும் அதை நடத்துகிறார்கள். கடையின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டபோது அந்த அம்மா, "சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கோ, எங்களைப் பற்றி எழுதாதேங்கோ" என்றார். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வழி தெரியாததால் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். ஆனால் கண்டுபிடிப்பது கடினமல்ல. நோயாளியை வாட்டில் சேர்த்துவிட்டு வெளியே வந்து எங்கே சாப்பிடலாம் என்று விசாரிப்பவர்களுக்கு ஓட்டோக்காரர்கள் கை நீட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கடையைத்தான்.

முதலில் சாப்பாடு. காலையில் இடியப்பமும் பிட்டும், அவற்றோடு சொதி, தேங்காய்ச் சம்பல், பருப்பு ஆகியனவும் கிடைக்கும். மதியத்தில் சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, இரண்டு மரக்கறி, கீரை, பொரித்த மிளகாய் ஆகியவை உண்டு. அரிசி தம்பலகாமத்து வயல்களிலிருந்து வருவது. சோறு பொலபொலவென்று இருக்கும், ஆறினாலும் விறைக்காது. பார்சலை வாங்கிக்கொண்டு போய், பார்வையாளர் நேரம் தொடங்கும்வரை மடியில் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. மீன் அன்றன்று கரைக்கு வருவதைப் பொறுத்தது. பாரை கிடைக்கும் நாளில் குழம்பு மிக நன்றாக இருக்கும். சூடை மட்டுமே கிடைக்கும் நாளில் பொரியலை எடுப்பது நல்லது. வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் படகுகள் கடலுக்குப் போகாவிட்டால் கருவாட்டுக் குழம்போ முட்டைக் குழம்போதான். வெள்ளிக்கிழமைகளில் சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்காக மரக்கறிகளை வேறு சட்டிகளில் சமைத்து, வேறு அகப்பைகளால் பரிமாறுகிறார்கள். இதைப் பற்றிக் கடையில் எந்த அறிவிப்பும் ஒட்டப்படவில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கடைக்குள் வருவதேயில்லை. கோழியை முஸ்லிம் கடைக்காரர் ஒருவரிடம் வாங்குகிறார்கள். பல சமயத்தாரும் அருகருகே வாழும் ஓர் ஊரில், எவரையும் கேள்வி கேட்க வைக்காமல் எல்லோரும் நம்பிச் சாப்பிடக்கூடிய அடுப்பைப் பேணுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும்.

குறை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சொதியில் உப்புக் குறைவு. பிரஷர் உள்ளவர்கள் பலர் வாங்குவதால் அப்படித்தான் வைக்கிறோம் என்கிறார்கள். மேசையில் சிறு கிண்ணத்தில் உப்பு இருக்கிறது, வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். அந்த மேசைக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருக்கும் ஒரேயொரு வசனம், வேதாகமத்தில் கொலோசெயருக்குப் பவுல் எழுதிய நிருபத்திலிருந்து எடுக்கப்பட்ட "உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக" என்பது. சொதியில் குறைந்த உப்பைப் பேச்சில் சேர்த்துவிட்டார்கள் போலும்.

இக்கடையில் நான் மிகவும் மதிக்கும் பண்டம் பத்தியக் கறி. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், நிறையப் பூண்டு ஆகியவற்றை அரைத்து, செத்தல் மிளகாயே சேர்க்காமல் வைக்கும் சரக்குக் கறி இது. வீட்டில் அம்மாவோ மாமியோ இருந்தால் அவர்கள் வைத்துக் கொடுப்பார்கள். புல்மோட்டையிலிருந்தோ சம்பூரிலிருந்தோ வந்து, துணைக்கு ஒருவருமின்றிக் கணவன் மட்டும் வெளியே நிற்கும் குடும்பங்களுக்கு யார் வைப்பது? முதல்நாள் மாலையில் சொல்லிவைத்தால் மறுநாள் காலை பத்து மணிக்குச் சுடச்சுடத் தருகிறார்கள். ஒரு முறை சாப்பிட்டுப் பார்த்தேன். மிளகின் காரம் முதலில் தொண்டையில் தெரிந்து, பின்பு பூண்டின் இனிப்பு வந்து அதைத் தணிக்கிறது. எண்ணெய் மிதக்கவில்லை, மீன் துண்டு உடையவில்லை. ஆற அமர அடுப்பில் இருந்த கறி அது. இதற்கு வாங்கும் பணம் சாதாரண மீன் கறிக்கு வாங்குவதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். இந்தக் கடையைப் பற்றி எழுதத் தூண்டியது அதுவே. 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில் விறகடுப்புக்கு மாறிச் சமைத்ததாகவும், கையில் காசில்லாமல் வந்தவர்களுக்காக அப்போதுதான் ஒரு கொப்பியைத் தொடங்கியதாகவும் அந்த அம்மா சொன்னார். கொப்பி இன்றும் இருக்கிறது. வைத்தியசாலையில் வேலை செய்யும் சிலர் மாதச் சம்பளம் வந்ததும் கட்டுவதாகச் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் அதில் உள்ளன. கட்ட முடியாதவர்களுடைய சாப்பாடும் அதே கொப்பியில், அதே பக்கத்தில், எழுதப்படுகிறது. நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போகும் நாளில் சிலர் மிச்சக் காசை வாங்காமல் விட்டுப் போகிறார்கள். அது அந்தப் பக்கத்தை ஓரளவு ஈடுசெய்கிறது. மீதியைக் கடை தாங்குகிறது.

ஒரு மதிய நேரத்தில் மூதூரிலிருந்து வந்திருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர் ஒருவர் பார்சல் மேசையின் ஓரத்தில் நின்று, சாப்பாடு அரைப் பார்சலாகக் கிடைக்குமா என்று கேட்டார். "அரை இல்லை நானா, முழுசுதான். கணக்கில போடட்டா?" என்று அந்த அம்மா கேட்டார். கணக்கை எப்போது கட்டுவது என்று அவர் தயங்கினார். "வீட்ட போற நாளில பாப்பம்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, "ஒரு மீன், கணக்கில" என்று குரல் கொடுத்தார். சற்று முன்னர் வைத்தியசாலை எழுதுவினைஞர் ஒருவருக்கும் இதே தொனியில் "ஒரு மீன், கணக்கில" என்றுதான் உள்ளே சொல்லியிருந்தார். இரண்டு பார்சல்களும் ஒரே லஞ்ச் சீற்றில் சுற்றப்பட்டன. இரண்டிலும் மீன் துண்டு ஒரே அளவு. எவர் தவணைக்கு வாங்குகிறார், எவர் தர்மத்துக்கு வாங்குகிறார் என்பது பக்கத்தில் நின்ற எனக்கு விளங்கவில்லை. பின்னர் நான் கேட்டதனாலேயே அந்த ஒழுங்கைச் சொன்னார்கள்.

இலவச உணவு கொடுக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவல்ல. கோயில் அன்னதானமும் வெசாக் தன்சலும் நோன்புக் கஞ்சியும் பசியாற்றாத ஊர் உண்டா? அவற்றில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதால் கூச்சமில்லை. ஆனால் விலைக்கு விற்கும் கடை ஒன்றில், காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு எப்படியும் வெளியே தெரிந்துவிடும்: தனி வரிசை, தனிச் சீட்டு, சற்றுச் சிறிய துண்டு, அல்லது குறைந்தபட்சம் சற்றுப் பெரிய குரல். கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் இதே சிக்கல் வருகிறது. கர்த்தருடைய இராப்போசனத்துக்காக, அதாவது நற்கருணைக்காக, கூடியவர்களில் வசதியுள்ளோர் தங்கள் உணவை முந்தி உண்டுவிட, மற்றவர்கள் பசியோடிருந்தார்கள். அங்கே பவுல் கேட்கும் கேள்வி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்பது. அவர் கண்டித்தவற்றுள் பசியைப் போலவே வெட்கமும் இருந்தது என்பதைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. நற்கருணை வாசகத்தை வாசித்துவிட்டு அதற்கு முன்னுள்ள இந்த வசனங்களைத் தாண்டிப் போவதே வழக்கம். இக்கடையின் கொப்பி அந்த வசனங்களைத் தாண்டிப் போகவில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்பான உபசரிப்பு என்று நாம் பொதுவாக எதிர்பார்ப்பது நிறையப் பேச்சை. இங்கே பேச்சு குறைவு. எந்த வாட்டு, என்ன வருத்தம், டொக்டர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா எவரிடமும் கேட்பதில்லை. வந்தவர் தாமாகச் சொன்னால் மட்டும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். வைத்தியசாலை வாசலில் நிற்பவரிடம் நம்மவர்கள் நோயின் பெயரை விசாரித்து, அதே நோயில் போய்ச் சேர்ந்த தங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கதையையும் சொல்லி முடித்துத்தான் ஆறுதல் கூறத் தொடங்குவார்கள். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் வினை வந்தது.

மெதடிஸ்த மரபை அறிந்தவர்களுக்கு இந்தச் சொற்சிக்கனம் புதிதாக இராது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தமது சங்கத்தாருக்காக 1743இல் வெளியிட்ட பொது விதிகளில், தீமை செய்யாதிருத்தல் என்ற முதல் விதியின் கீழ் விலக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது, சண்டை, வசைக்கு வசை ஆகியவற்றோடு, வாங்கும்போதும் விற்கும்போதும் பல வார்த்தைகளைப் பேசுவதையும் சேர்த்தார். நன்மை செய்தல் என்ற இரண்டாம் விதியின் கீழ் பசித்தோருக்கு உணவளிப்பதும் நோயாளரையும் சிறையிலிருப்போரையும் போய்ப் பார்த்து உதவுவதும் வருகின்றன. பேரம் பேசுவதையும் வாடிக்கையாளரை வார்த்தையால் வளைப்பதையும் பசித்தவனுக்குச் சோறு போடுவதையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்த்தவர் அவர். இக்கடைக்காரர்கள் அந்த விதிகளை மனப்பாடம் செய்தவர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் சிறிய பதில்தான் கிடைத்திருக்கும்.

குறைவாகப் பேசுகிறவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவதில்லை என்பதையும் இங்கே கண்டேன். மீன் முதல்நாள் வாங்கி ஐஸில் வைத்ததாக இருந்தால், கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுகிறார்கள். சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அண்ணனுக்கென்று பொரித்த மீனும் மிளகாய்ப் பொரியலும் கேட்ட இளைஞன் ஒருவனிடம், "உங்களுக்கு எண்டால் எடுங்கோ தம்பி, அவருக்கு எண்டால் கஞ்சி கொண்டுபோங்கோ" என்று சொல்லி, விலை கூடியதை விட்டுக் குறைந்ததைக் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். இனிக்க இனிக்கப் பேசி எதையாவது தலையில் கட்டிவிடும் கடைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, எபேசியருக்கு எழுதிய நிருபம் அன்பையும் சத்தியத்தையும் ஏன் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது என்பது இங்கே விளங்கியது.

நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில் கடைக்கு வருகிறார்கள். அந்த நேரத்தைச் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பொரு நாள் யாரோ துண்டுப் பிரசுரங்களை மேசைகளில் வைத்துவிட்டுப் போனதாகவும், கணவர் அவற்றைச் சேகரித்து எடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டு, அதுபற்றி அவரிடம் கேட்டேன். "சாப்பிட வந்தவர் சாப்பிட்டுப் போகட்டும்" என்றார். இது விசுவாசத்தை மறைப்பதாகாதா என்று ஒரு கிறிஸ்தவர் கேட்கலாம். கேட்பவர்களை நான் அறிவேன். என் தீர்ப்பு கடைக்காரரின் பக்கமே. வசனம் சுவரில் இருக்கிறது, படிப்பவர் படிக்கலாம். ஆனால் சோற்றுப் பார்சலுக்குள் அதை மடித்து வைத்தால், அந்தச் சோறு அதற்குப் பிறகு தூண்டில் இரையாகிவிடும். பசியோடும் பயத்தோடும் நிற்கும் ஓர் இந்துவோ முஸ்லிமோ பௌத்தரோ அதை நன்றாகவே அடையாளம் கண்டுகொள்வார். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பசியாயிருந்தவருக்குப் போசனம் கொடுத்தவர்கள், அது கிறிஸ்துவுக்கே செய்யப்பட்டது என்பதையே அறியாதிருந்தார்கள். கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் அந்த வியப்பு அவர்களுக்கு வந்திராது.

வாடிக்கையாளரிடம் தயவாகப் பேசுவது வியாபாரத்துக்கும் நல்லது. ஆகையால் ஒரு கடையை அளக்க நான் கோப்பை கழுவும் இடத்தைப் பார்ப்பேன். இங்கே இரண்டு பெண்களும் ஒரு பையனும் வேலை செய்கிறார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன், பதினொன்றரை மணிக்கு, வாடிக்கையாளர் உட்காரும் அதே மேசையில் உட்கார்ந்து, அன்றைய கறிகளோடு சாப்பிடுகிறார்கள். கூலி அன்றன்று மாலையில் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன் கூலி கொடுக்கச் சொல்லும் உபாகமத்தின் கட்டளையைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லை. பணம் மட்டும் கைமாறுகிறது. ஆனால் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது என்று சொன்னால் அது பொய். கணவருக்குக் கோபம் வரும். வாசலை மறித்து நிறுத்திய ஓட்டோக்காரர் ஒருவரிடம் அவர் பேசிய பேச்சு, சுவரிலிருந்த வசனத்துக்குக் கேட்டிருந்தால் அது மறுபுறம் திரும்பியிருக்கும். மனைவி உள்ளேயிருந்து அவரைப் பெயர் சொல்லி ஒருமுறை அழைத்தார். அவர் உள்ளே போனார். ஓட்டோ அங்கேயே நின்றது. அடுத்த வாரமும் அதே ஓட்டோ அதே இடத்தில் நின்றது. யாக்கோபு தமது நிருபத்தில், மிருகங்களையும் பறவைகளையும் அடக்கிய மனிதனால் நாவை மட்டும் அடக்க முடியவில்லை என்று எழுதியது, விசுவாசிகளுக்குத்தான்.

வேறு குறைகளும் உண்டு. மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை ஆள் போதாது. பார்வையாளர் நேரத்துக்கு ஓட வேண்டியவர் தவித்துப் போவார். கை கழுவ ஒரேயொரு குழாய். மலசலகூடம் இல்லை. கார்ட் எடுக்க மாட்டார்கள். சிங்களத்தில் கேட்பவர்களுக்கு அந்த அம்மா தட்டுத்தடுமாறிப் பதில் சொல்கிறார், விலைப்பட்டியல் மும்மொழியிலும் இருப்பதால் சமாளிக்கிறார்கள்.

பெரிய குறையாக எனக்குப் படுவது ஞாயிற்றுக்கிழமை கடையை முழுவதுமாக மூடுவது. அன்று நகரில் பல கடைகள் பூட்டியிருக்கும். நோயாளியைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருவோர் தொகையோ கூடியிருக்கும். சூம்பின கையை ஓய்வுநாளில் சுகமாக்கிய இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள் வைத்தியசாலைக்கு அருகில் ஓய்வுநாளில் அடுப்பை அணைக்கலாமா என்று நான் கேட்டேன். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும் என்று ஓய்வுநாள் கட்டளையிலேயே இருக்கிறதே என்பது அந்த அம்மாவின் பதில். கோப்பை கழுவும் பெண்களுக்கு வேறு எந்த நாளில் பிள்ளைகளோடு இருக்க முடியும் என்றும் கேட்டார். பதில் நியாயமானது, ஆனாலும் முறைவைத்து ஆள் மாற்றி, காலைக் கஞ்சியையாவது கொடுக்கலாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. சனிக்கிழமை மாலையில் சொல்லிவைப்பவர்களுக்கு, ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகுமுன் பக்கத்து மருந்துக்கடையில் சுடுநீர்ப் போத்தலையும் பாணையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைச் சாப்பாடு என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

விலை நகரின் நடுத்தரக் கடைகளுக்குச் சமம்: நான் போன காலத்தில் மீன் சோறு 400 ரூபாய், மரக்கறிச் சோறு 300 ரூபாய். சுவைக்காக மட்டும் உப்புவெளியிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ புறப்பட்டு வருமளவுக்கு இது சிறப்பான கடை என்று சொல்ல மாட்டேன்; பத்தியக் கறிக்காக வரலாம். வைத்தியசாலையில் ஒருவரை வைத்துக்கொண்டு நகரில் தங்க வேண்டியவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கடை காலை ஆறரைக்குத் திறக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். மாலைப் பிட்டு ஏழு மணிக்கு மேல் இருக்காது; பத்தியக் கறிக்குச் சொல்லிவைக்கும்போது தாய்க்கு எந்த மீன் ஒத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதையும் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.